பொள்ளாச்சியில் ஓடும், வால்பாறையில் நிற்கும்

சென்ற ஆண்டு ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை என் பைக்குக்கு ஒரே வியாதி. காய்ந்த ரோட்டில் ஓடும், மழை பெய்தால் நிற்கும். இதற்காக நான் வீணாக்கியது 9,900 ரூபாய், ஒன்பது நாள் விடுப்பு, இரண்டு முறை மலை நடுவே தனியாக நனைந்துகொண்டு நின்ற நேரம். கடைசியில் சரியான வழி தெரிந்த பிறகு ஆன செலவு மூவாயிரத்துச் சொச்சம்தான். வண்டியை மாற்றிக் கட்டியவர்கள் யாராவது முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதமும் மிச்சமாகியிருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வேலை எனக்குப் பொள்ளாச்சியில். அப்பா அம்மா இருப்பது வால்பாறையில். வாரக் கடைசியில் மலை ஏறுவேன், ஒரு வழிக்கு அறுபத்து நாலு அறுபத்தைந்து கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி 2013-இல் வாங்கிய 150 சிசி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப கார்புரேட்டர், அதைத் தீப்பொறியால் பற்றவைக்க ஒற்றை பிளக். பத்து வருடம் ஒரு குறையும் சொன்னதில்லை. ஏறும்போது இழுவை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று சென்ற ஆண்டு மார்ச்சில் ஆசை வந்தது. வண்டி மாற்றிக் கட்டும் கடை ஒன்றில் விட்டேன். சீட்டுக்கு அடியில் இருந்த காற்று ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாயிலேயே கோன் ஃபில்டர் மாட்டினார்கள், 1,400. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் 3,800. பெட்ரோலைக் கூடுதலாக விடும் பெரிய மெயின் ஜெட்டும் கூலியும் 600. மூடுபனிக்கு இரண்டு எல்இடி விளக்கு 2,200. முன் மட்கார்டின் கீழ்ப்பாதியை அறுத்து, பின்பக்கம் மட்ஃபிளாப்பை எடுத்து, வாலைக் குட்டையாக்கியதற்கு 900. மொத்தம் 8,900. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வண்டி பறந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் இரண்டாவது வாரம் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. பொள்ளாச்சியில் வெயிலும் சாரலுமாக இருக்கும், மேலே வால்பாறையில் கொட்டும். அட்டகட்டி வரை ஒழுங்காக வந்த வண்டி அதற்கு மேல் ஒரு ஏற்றத்தில் திணறியது. ரேஸ் கொடுத்தால் வெட்டி வெட்டி இழுக்கும், சைலன்சரில் பட்டாசு போல வெடிக்கும், ரேஸைக் குறைத்தால் ஓரளவு ஓடும். எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு சேர்ந்தேன். மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி எதுவுமே நடக்காதது போல நின்றது. முதல் தவறு அங்கே நடந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தானாக வந்த கோளாறு தானாகப் போனால் அது போகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜூலை முதல் சனிக்கிழமை அது மறுபடி வந்தது. அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, அதை வாங்கிக்கொண்டு அலுவலகம் முடிந்து தாமதமாகக் கிளம்பிவிட்டேன். அட்டகட்டி தாண்டி, மாலை ஐந்தேமுக்கால் இருக்கும், நல்ல மழையில் வண்டி ஒரேயடியாக அணைந்தது. கிக்கரை உதைத்து உதைத்து வலது முழங்கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மூடுபனி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. யானையும் சிறுத்தையும் நடமாடுகிற பாதை அது என்பது அந்த ஊர்ப் பிள்ளையான எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூங்கில் புதரில் ஏதாவது முறியும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கும். மாத்திரைப் பையை ரெயின்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். பயத்தில் அழுகை வந்தது, மறைக்க விரும்பவில்லை. தேயிலை ஏற்றிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் நிறுத்தினார். “தம்பி, வண்டிய ஓரமா பூட்டிப் போடு, உயிர் இருந்தா இரும்ப நாளைக்கு எடுத்துக்கலாம்” என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். மறுநாள் மினி லாரி பேசி வண்டியைப் பொள்ளாச்சிக்கு இறக்க 1,800 ரூபாய் ஆனது.

இதற்குப் பிறகுதான் பணம் கரைய ஆரம்பித்தது. முதல் மெக்கானிக், “பெட்ரோல்ல தண்ணிங்க சார்” என்றார். டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து 850 ரூபாய். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஆனால் அது இருக்கிறதா என்று பார்க்கப் பைசா செலவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும். சூடு ஆறிய எஞ்சினில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல், அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ தெரியும். இல்லையென்றால் டேங்கைக் கழுவ வேண்டாம். பின்னால் நானே பிடித்துப் பார்த்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அடுத்த மழையில் மறுபடி நின்றது. இரண்டாவது மெக்கானிக், “கரண்ட் சமாச்சாரம்ங்க, சிடிஐ போயிருக்கும்” என்றார். சிடிஐ என்பது நேரம் பார்த்துத் தீப்பொறியை உண்டாக்கும் பெட்டி. அது 1,900, அதோடு இரிடியம் பிளக் 550. இரண்டு வாரம் மழை குறைந்திருந்தது, வண்டி நன்றாக ஓடியது, அவரைக் கைகூப்பாத குறை. ஆகஸ்டில் மழை திரும்பியது, வண்டியும் பழையபடி நின்றது. மூன்றாவது இடத்தில், எஞ்சின் சுழலும்போது கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டர் 2,600, பேட்டரி 1,450, கூலி 750. அதற்கும் கேட்கவில்லை. மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வண்டி மழையில் நின்றது, அவர்கள் பார்த்தது வெயிலில். பொள்ளாச்சியின் காய்ந்த ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, “நல்லாத்தானே ஓடுது” என்பார்கள். இல்லாத அறிகுறியை வைத்து அவர்களால் யூகிக்கத்தான் முடியும், அந்த யூகத்துக்கு நான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். மழையில் மட்டும் வரும் கோளாறுக்கு, மெக்கானிக் கண் முன்னால் அதை வரவழைத்துக் காட்டும் வரை எந்த எலக்ட்ரிகல் பாகத்தையும் வாங்காதீர்கள். பெரும்பாலான கடைகளில் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டைரி ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் என்ன வேகம், எவ்வளவு நேர மழை, எப்படி நின்றது, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது, என்ன சுவிட்ச் போட்டிருந்தேன் என்று ஞாபகம் இருந்தவரை எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நிற்கும் விதம் ஒரே மாதிரி இல்லை. சில சமயம் சட்டென்று, சுவிட்சை அணைத்துப் போட்டது போல வெட்டும், சைலன்சரில் வெடிக்கும். சில சமயம் கனமான மூட்டையைத் தூக்குவது போல மந்தமாகி, பெட்ரோல் நாற்றத்தோடு கறுப்பாகப் புகைக்கும். வேறு சில சமயம் பெட்ரோல் தீர்ந்தது போல மெதுவாக அடங்கும், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் நூறடி ஓடும். வெட்டினால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். மந்தமாகிப் புகைத்தால் காற்று போதவில்லை. சோக்குக்கு உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை. என் வண்டியில் மூன்றும் இருந்தன. ஒரே வியாதி என்று நினைத்து ஒரே மருந்து தேடியதால்தான் எதுவும் பலிக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

அன்று ராத்திரியே சோதனையை ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று, அறுபது ரூபாய். வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, விளக்கையெல்லாம் அணைத்தேன். ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் மட்டும் தெளிப்பது, அரை நிமிடம் காத்திருப்பது, அடுத்த இடத்துக்குப் போவது, இவ்வளவுதான். முதலில் சாவி சுவிட்ச், பிறகு ஹேண்டில்பாரில் இருக்கும் கில் சுவிட்ச், பிறகு வயர் இணைப்புகள், பிளக்குக்கு வோல்டைக் கூட்டி அனுப்பும் காயில், கடைசியாக பிளக் ஒயர். கொதிக்கும் சைலன்சரிலும் எஞ்சின் இரும்பிலும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், மெல்லிய தெளிப்பே போதும். எஞ்சின் ஓடும்போது பிளக் கேப்பையோ ஒயரையோ கையால் தொடவே கூடாது, அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட்.

பிளக் ஒயரில் தெளித்ததும் பார்த்தேன். இருட்டில், எஞ்சின் தலையின் இடுக்கில், ஊசிமுனை அளவுக்கு ஒரு நீலப் பொறி. ஒயரிலிருந்து இரும்புக்குத் தாவியது. டிக், டிக் என்று மெல்லிய சத்தம், அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எஞ்சின் ஒரு துடிப்பு தவறியது. மூன்று மாதம் தேடியது கண் முன்னால் மின்னியது. எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயரின் ரப்பர் ஒரு இடத்தில் தேய்ந்து, முடி அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. ஏன் அங்கே தேய்ந்தது? கம்பெனியில் வந்தபோது அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த கிளிப் ஃபில்டர் டப்பாவோடு சேர்ந்தது. டப்பா போனபோது கிளிப்பும் போய்விட்டது. ஒயர் தொங்கி எஞ்சின் மேலேயே உரசிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே முன் சக்கரம், அதன் மட்கார்டையும் பாதி அறுத்தாகிவிட்டது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் முழுக்க அந்த வெடிப்பின் மேல்தான் விழுந்திருக்கிறது.

அப்படியானால் இறக்கத்திலும் சமதளத்திலும் ஓடிய வண்டி ஏற்றத்தில் மட்டும் ஏன் வெட்டியது? ரேஸ் கொடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். அந்த நேரத்தில் வெளியே ஈரமான வெடிப்பு என்கிற சுலப வழி கிடைத்தால் கரண்ட் அந்தப் பக்கம் போய்விடும். நிறுத்தி வைத்து எஞ்சினை உறும விட்டுப் பார்ப்பதில் இது சரியாகத் தெரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். ஒயரோடு சேர்ந்த காயில் 420, நல்ல ரப்பர் உதடு உள்ள பிளக் கேப் 180, கேப்பின் உள்ளே பூச சிலிக்கான் கிரீஸ் ஒரு ட்யூப் 150. கிரீஸை உதட்டின் உட்பக்கம் மெல்லிய வளையமாகப் பூசினால் போதும், உலோக முனையில் அப்ப வேண்டாம். சில எஞ்சின்களில் பிளக் ஒரு குழிக்குள் இருக்கும், அந்தக் குழியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

தீர்ந்தது என்று அடுத்த சனிக்கிழமை மலை ஏறினேன். வெட்டுவது நின்றுவிட்டது. ஆனால் வாட்டர்ஃபால் எஸ்டேட் பக்கம் அந்த மந்தம் வந்தது. பகல் நேரம், ஆள் நடமாட்டம் இருந்தது, பயமில்லாமல் நிறுத்திப் பார்த்தேன். கோன் ஃபில்டரைக் கையால் தொட்டேன், நனைத்த சாக்கு போல இருந்தது. மடிப்பு மடிப்பாக இருக்கும் அதன் வலை முழுவதும் தண்ணீர் ஒரு ஏடு போலப் படிந்து மூடியிருந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி போலக் கறுப்பு. ஃபில்டர் வாயை மூடினால் நடப்பது சோக்கை இழுத்தால் நடப்பதேதான்: காற்று குறையும், பெட்ரோல் அதிகமாக இழுபடும். இதற்கு மேல் என் வண்டியில் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. வால்பாறை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடக் குறைவு. அதோடு நான் பெரிய ஜெட் வேறு போட்டிருந்தேன். கீழே சரியாக இருந்த கலவை மேலே போனாலே பெட்ரோல் மிகுந்து கொழுத்துப்போகும், ஃபில்டர் நனைந்தால் மூச்சு முட்டிவிடும். பொள்ளாச்சி மெக்கானிக்குக் கடைசிவரை இது தெரிய வாய்ப்பே இல்லை.

அந்தக் கறுப்பு டப்பாவை வெறும் ஃபில்டர் வைக்கும் பெட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் வாய் சீட்டுக்கு அடியில், சக்கரத் தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்கும். உள்ளே வரும் காற்று திரும்பித் திரும்பிப் போவதால் தண்ணீர்த் துளி கீழே விழுந்துவிடும், அடியில் இருக்கும் சின்னக் குழாய் வழியாக வடிந்துவிடும். அது ஒரு குடை. அந்தக் குடையை நான் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தேன். சும்மா ஒரு மூலையில் கிடக்கும் என்று வைத்திருந்தால்கூட, பின்னால் அதே மாதிரி டப்பா வாங்கக் கொடுத்த 1,400 ரூபாய் மிச்சம். வண்டியில் எதைக் கழற்றினாலும் அதை வீட்டில் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். கடைக்காரர் “நானே எடுத்துக்கறேன்” என்றாலும் கொடுக்காதீர்கள்.

டப்பா கிடைக்கும் வரை, தண்ணீர் ஒட்டாத துணி உறை ஒன்றை கோன் ஃபில்டர் மேல் மாட்டி ஓட்டினேன். சாரலுக்குத் தாங்கியது, கொட்டும் மழைக்குப் போதவில்லை. பாலிதீன் கவரைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒரு ஓரம் உள்ளே இழுபட்டால் மலைப்பாதையில் எஞ்சின் அப்படியே அடங்கிவிடும்.

மூன்றாவது நோயைக் கண்டுபிடித்தது தற்செயல். அதே வாரம் திரும்பி இறங்கும்போது, ரோட்டில் தண்ணீர் ஓடிய ஒரு இடத்தைத் தாண்டியதும் வண்டி மெதுவாக அடங்கியது. சோக் போட்டேன், கொஞ்சம் ஓடியது, நின்றது. கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்தேன். பெட்ரோல் நூல் போல வந்து, சொட்டாகி, நின்றுவிட்டது. டேங்கில் ஏழு லிட்டர் இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தேன், காற்று இழுக்கும் சத்தம் இல்லை, ஆக மூடியின் துளை அடைக்கவில்லை. அப்புறம்தான் கார்புரேட்டரின் பக்கவாட்டிலிருந்து தொங்கும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் கண்ணில் பட்டன. இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டி முடிந்திருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். உள்ளிருந்து ஒரு விரற்கடைத் தண்ணீரும் சேறும் வழிந்தது. உடனே பெட்ரோல் கொளகொளவென்று வந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊற்றினால் விக்கி விக்கித்தான் வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக வரும். அந்தக் குழாய்கள்தான் கார்புரேட்டர் கிண்ணத்தின் இரண்டாவது ஓட்டை. கிண்ணத்துக்குள் வெளிக்காற்று வந்தால்தான் பெட்ரோல் இறங்கவும் எஞ்சின் அதை இழுக்கவும் முடியும். முன்பு அவை மேலே, ஃபில்டர் டப்பாவின் பின்னால் காய்ந்த இடத்தில் செருகியிருந்தன. டப்பா போனதும் செருக இடமில்லாமல் கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள். மட்ஃபிளாப் இல்லாத சக்கரம் அவற்றின் வாயில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாற்பது ரூபாய்க்கு அதே உள்ளளவில் புதுக் குழாய் வாங்கி, சீட்டுக்கு அடியில் ஏற்றி, மடங்காமல் கட்டினேன். பெட்ரோல் நிரம்பினால் வழிந்துபோகும் குழாய் வேறு, அது கீழே பார்த்துத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கார்புரேட்டரில் எந்த உயரத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்: காற்றுக்குழாய் மேல்பாதியிலிருந்தும் வடிகால் கிண்ணத்தின் அடியிலிருந்தும் வரும்.

இவ்வளவு பார்த்தும் டைரியில் ஒரு வரி மிச்சமிருந்தது. மூடுபனி விளக்கு போட்ட நாட்களில் மட்டும் வண்டி சீக்கிரம் நின்றிருக்கிறது. மழைக்கும் விளக்குக்கும் நான் முடிச்சே போடவில்லை, மழை நாளில்தானே விளக்கே போடுகிறோம் என்று விட்டுவிட்டேன். ஹெட்லைட் பின்னால் வயர்களைப் பிரித்தபோது, இன்சுலேஷன் டேப் பிசுபிசுவென்று கழன்று வந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. விளக்குக்கான கரண்டை சாவி சுவிட்சிலிருந்து சிடிஐக்குப் போகும் வயரைச் சீவி, அதிலேயே முறுக்கி எடுத்திருந்தார்கள். மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் 12.4 வோல்ட், விளக்கைப் போட்டுவிட்டு சிடிஐ முனையில் பார்த்தால் 9.8. என் வண்டியில் தீப்பொறி பேட்டரி கரண்டில் பிறப்பது, பசியோடு இருக்கும் சிடிஐ எப்படிப் பலமான பொறி கொடுக்கும்? பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்து, ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன், 60 ரூபாய். விளக்கை அந்த வயரிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டேன். மறுபடி மாட்டுவதாக இருந்தால் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே வைத்துத்தான் எடுப்பேன். மழை நாளில் வண்டிக்கு வெளியே நடப்பதை மட்டும் எழுதாமல், நீங்கள் கை வைக்கும் ஒவ்வொரு சுவிட்சையும் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சென்னையில் இருக்கும் நண்பன் புதுப்பேட்டையில் அலைந்து அதே மாடலின் ஃபில்டர் டப்பாவைப் பிடித்தான். கூரியரோடு 1,400. உள்ளே போடும் புது ஃபில்டர் 220, பழைய அளவு மெயின் ஜெட் 90, முழு நீள முன் மட்கார்டு 450. ஆக எல்லாம் சேர்த்து 3,010 ரூபாய். ஜெட்டைப் பழைய அளவுக்கு மாற்றாமல் டப்பாவை மட்டும் மாட்டினால் கலவை இன்னும் கொழுக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆனால் அதைச் செய்த நாளில் வேறு எதையும் தொடவில்லை. ஒரு மாற்றம், ஒரு மழை ஓட்டம், டைரியில் ஒரு வரி. இந்த ஒழுங்கு இல்லாமல் போனதால்தான் சிடிஐயும் பிளக்கும் ஒரே நாளில் மாற்றி, எதனால் சரியானது என்று தெரியாமல் ஏமாந்தேன். நான் வாங்கிய அந்த சிடிஐ, ஸ்டேட்டர், பேட்டரி மூன்றுக்கும் தேவையே இருந்திருக்கவில்லை. பழைய சிடிஐயை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன், அருமையாக ஓடுகிறது.

சைலன்சரையும் பழையபடி மாற்றிவிட்டேன். இதைப் பற்றி எனக்கு முன்பு தெரியாது, அதனால் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். சத்தம் அளவு மீறினால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் இதைக் காட்டித் தகராறு செய்ய இடமுண்டு. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன்: பிளக் ஸ்பேனர், ஒரு பழைய நல்ல பிளக், காய்ந்த பருத்தித் துணி இரண்டு, ஜிப் லாக் கவரில் சுற்றி. மழையில் நின்றால் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள், பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக் நனைந்துவிடும், பிறகு வெளியே மழைத் தண்ணீர் காய்ந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் சூட்டை ஆற விட்டு, ஒயரையும் கேப்பையும் துடைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள் (கரி போலக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், இளம் பழுப்பு என்றால் கலவை சரி), காற்றுக்குழாயின் வாயைப் பாருங்கள். அதோடு மழைக்காலத்தில் நான் இருட்டுக்கு முன் மலை ஏற முடியாது என்று தெரிந்தால் கிளம்புவதே இல்லை, பஸ்ஸில் போகிறேன். அம்மாவுக்கு இரண்டு மாத மாத்திரை முன்கூட்டியே வாங்கி வைத்தாகிவிட்டது.

செப்டம்பர் கடைசி வாரம் மழை வலுத்திருந்த ஒரு காலையில் கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நின்று டீ குடிக்கக்கூட மனமில்லை, நேராக ஏறினேன். அட்டகட்டி போனது, லாரி டிரைவர் அண்ணன் என்னை ஏற்றிக்கொண்ட இடம் போனது, கவர்க்கல்லில் பனி மூடியது, ரொட்டிக்கடை வந்தது. புதுத்தோட்டத்தில் மரத்தின் மேல் சிங்கவால் குரங்குகள் தலையைக் குனிந்து நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல், சூடு ஆறும் வரை நின்று பிளக்கைக் கழற்றினேன். அம்மா குடையோடு வெளியே வந்து, “மறுபடியும் போச்சாப்பா?” என்றாள். அவளிடம் பிளக்கின் முனையைக் காட்டினேன். வறுத்த காபிக்கொட்டையின் இளம் நிறத்தில் இருந்தது.